அசெம்பிள்டு துப்பாக்கி: ரிசீவர், பேரல், கட்டை, குதிரை

தலைப்பைப் பார்த்துட்டு யாரும் போலீசுக்குப் போன் போட்டுடாதீங்க மக்கா. நான் கையில் எடுத்த ஒரே துப்பாக்கி பொருட்காட்சியில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். இது சரித்திரப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

அமெரிக்காவில் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் போய் முழுத் துப்பாக்கியாக வாங்காமல், ரிசீவர் ஒரு இடத்தில், பேரல் ஒரு இடத்தில், மரக்கட்டை ஒரு இடத்தில் என்று தேடித்தேடி வாங்கி ஒண்ணாகச் சேர்ப்பார்கள். கஸ்டம் ரைஃபிள் என்று பேர். நம்மாட்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு, ராம், கேபினெட் என்று கடைகடையாக ஏறி இறங்கி அசெம்பிள்டு பிசி போட்ட மாதிரியேதான். டெக்சாஸில் இருக்கும் என் அத்தை மகன் மான் வேட்டைக்காக முதல்முதலாக ஒன்று கட்டப்போகிறேன் என்றான். "எதை முதல்ல வாங்குவே?"ன்னு கேட்டேன். "ரிசீவர்தான், அதானே மதர்போர்டு" என்றான். சரியான பதில்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருநூறு வருசக் கதை இருக்கு, அதில் ரத்தமும் இருக்கு.

முதல்ல, 'பாகம் வாங்குவது' என்கிற யோசனையே ரொம்பப் புதுசு. 18ஆம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பொருந்தாது. ஒவ்வொன்றும் ஒரு கொல்லன் அரம் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியது. 1785இல் பாரீஸில் ஓனரே பிளாங்க் என்கிறவர் துப்பாக்கியின் விசைப்பகுதியை ஐம்பது ஐம்பதாகச் செய்து, கலந்து போட்டு, எதை எடுத்தாலும் எதோடும் சேரும் என்று காட்டினார். அங்கே தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தன் கையாலேயே சிலதைப் பூட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கு ஆச்சரியமாகக் கடிதம் எழுதினார். அப்புறம் 1798இல் எலி விட்னி (பருத்தி அரைக்கும் எந்திரம் கண்டுபிடித்தாரே, அவரேதான்) 10,000 துப்பாக்கிக்கு அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் வாங்கினார். இரண்டு வருசத்தில் முடிப்பதாகப் பேச்சு, முடித்தது 1809இல். நம்ம ஊர் பாலம் காண்ட்ராக்ட் எல்லாம் பரவாயில்லை. 1801இல் தலைவர்கள் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டிக் கைதட்டலும் வாங்கினார். இன்றைக்கு அருங்காட்சியகத்தில் இருக்கும் விட்னி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்கிறார்கள். அதாவது அன்றைக்கு நடந்தது 'டெமோ'. சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை :)

உண்மையாகச் செய்துகாட்டியவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் வருசக்கணக்காக எந்திரங்களோடும் அளவுமானிகளோடும் மல்லுக்கட்டி, 1820களில் நிஜமாகவே மாற்றிப் பூட்டக்கூடிய ரைஃபிள்களைச் செய்தார். 1834 வாக்கில் வேறொரு ஊரில் சிமியன் நார்த் செய்த பாகங்கள் ஹாலின் துப்பாக்கியில் உட்கார்ந்தன. ரெண்டு ஆலை, ஒரே அளவு. விட்னி பேர் பாடப்புத்தகத்தில் இருக்கு, ஹால் பேர் இல்லை. என்னத்தச் சொல்ல.

சரி, ரிசீவருக்கு வருவோம். பேரலும் போல்ட்டும் வந்து பூட்டிக்கொள்கிற உடம்புதான் ரிசீவர். தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு மாதிரி அழுத்தம் வரும். அதைச் சுடுகிறவர் முகத்துக்கு ஓரிரு அங்குலம் முன்னால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இரும்புதான். இதில் உலகத்துக்கே அச்சுக்கட்டை போட்டது ஜெர்மனியின் மவுசர் 98. 1898இல் ஜெர்மன் ராணுவம் எடுத்துக்கொண்டது. போல்ட்டின் முன்பக்கம் ரெண்டு பூட்டுப் பல், அது உடைந்தால் காப்பாற்றப் பின்பக்கம் மூன்றாவது ஒன்று, தோட்டா கிழிந்தால் வாயு பக்கவாட்டில் வெளியேறத் துளைகள், வெறும் தோட்டாவைக் கவ்வி இழுக்கப் பெரிய கொக்கி. 'எது தப்பாகப் போனாலும் சுடுகிறவன் பிழைக்கணும்' என்று யோசித்த ஆள் பால் மவுசர். அவரே 1901இல் வேறொரு தானியங்கித் துப்பாக்கியைச் சோதித்தபோது வெடித்து ஒரு கண்ணை இழந்தார்.

ஒரு வேடிக்கை. இந்த மவுசர்களை லட்சக்கணக்கில் ஆலையில் செய்த ஜெர்மன்காரர்கள், போல்ட்டிலிருந்து சின்னத் திருகாணி வரைக்கும் ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண்ணின் கடைசி ரெண்டு இலக்கத்தைப் பொறித்துவைத்தார்கள். ஜோடி மாறிடக்கூடாதாம்! ஹால் செய்துகாட்டி எழுபது வருசம் ஆனபிறகும் இரும்பு முழுசாக நம்பிக்கைக்கு வரவில்லை என்று அர்த்தம். போல்ட்டை மாற்றிப் போட்டால் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா உட்காரும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி மாறும். மயிரிழை கூடினால் தோட்டா இழுபட்டுக் கிழியலாம். இன்றைக்கும் கஸ்டம் ரைஃபிள் கட்டுகிறவர்கள் முதலில் அளவுக்கட்டை வைத்துப் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

அமெரிக்கர்கள் மவுசரைப் பார்த்து 1903இல் ஸ்ப்ரிங்ஃபீல்டு ரைஃபிளைச் செய்தார்கள். காப்பியேதான், மறைக்க முடியாத காப்பி. அரசாங்கமே மவுசருக்குக் காப்புரிமைப் பணமாக 2,00,000 டாலர் வரை கட்டியது. அப்போது ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். வேட்டைப் பைத்தியம். ராணுவக் கட்டையை எடுத்துவிட்டு எனக்கு வேட்டைக்குத் தோதாக ஒன்று செய்துகொடு என்று அரசு ஆலையிலேயே செய்து வாங்கிக்கொண்டார். 1909இல் அதைத் தூக்கிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போனார், வந்து புத்தகம் எழுதினார். அதைப் படித்த சீமோர் கிரிஃபின் என்கிற நியூயார்க் மரத்தச்சர் தானும் ஒரு ஸ்ப்ரிங்ஃபீல்டு வாங்கி, அழகான வால்நட் கட்டை செதுக்கிப் பூட்டினார். பார்த்தவர்கள் எனக்கு எனக்கு என்றார்கள். 1923இல் கிரிஃபின் அண்ட் ஹவ் என்று கம்பெனியே ஆச்சு. ஹெமிங்வே 1930இல் இவர்களிடம் ஒன்று வாங்கி அதையும் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனார். அமெரிக்க கஸ்டம் ரைஃபிள் என்கிற கலை இப்படி ராணுவ இரும்பின் மேல் தச்சு வேலையாக வளர்ந்ததுதான்.

அந்த இரும்பைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆலையில் ரிசீவரை உலையில் பழுக்கக் காய்ச்சுவார்கள். எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும்? பழம் தின்று கொட்டை போட்ட தொழிலாளி நிறத்தைப் பார்த்துச் சொல்வார். நம்ம கொல்லன் பட்டறையில் அரிவாள் அடிக்கிறவர் பார்க்கிற அதே பார்வை. அரிவாளுக்குப் போதும். 1917இல் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது, உற்பத்தி எகிறியது, அந்த வருசமே சில ரிசீவர்கள் சுடும்போது கண்ணாடி மாதிரி சிதறின. வளையவில்லை, விரியவில்லை, நொறுங்கின. விசாரணை வைத்தார்கள். உலையில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெயில் பளீரென்று அடிக்கிற நாளில் பழுத்த இரும்பு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடேறலை என்று உள்ளே விட்டுவைப்பார்கள். மேகமூட்டமான நாளில் அதே நிறம் சீக்கிரமே தெரிந்துவிடும். ரெண்டு நாளுக்கும் நடுவில் 300 டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் வித்தியாசம்! அளவுக்கு மீறி வெந்த எஃகு மொறுமொறு என்று ஆகிவிடுகிறது.

யோசிச்சுப் பாருங்க. அந்தத் தொழிலாளி ஏமாற்றவில்லை, சோம்பேறியும் இல்லை. வருசக்கணக்காக நல்ல கண் என்று பேர் வாங்கினவர். ஜன்னல் வழியே வந்த வெயில் அவரைத் தப்பாக்கிவிட்டது. அதைவிடக் கொடுமை, எந்த ரிசீவர் வெயில் நாளில் வெந்தது, எது மழை நாளில் வெந்தது என்று பிற்பாடு பார்த்துச் சொல்ல வழியே இல்லை. எல்லாம் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கும். 1918இல் முறையை மாற்றி, இரண்டு தரம் சூடாக்கிப் பதப்படுத்த ஆரம்பித்தார்கள். ஸ்ப்ரிங்ஃபீல்டில் சுமார் 8,00,000 என்ற எண்ணுக்குக் கீழே, ராக் ஐலண்ட் ஆலையில் 2,85,507க்குக் கீழே இருப்பதெல்லாம் பழைய நெருப்பு. ரெண்டையும் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டும்.

பத்து லட்சத்தையும் தூக்கிப்போட எந்த அரசுக்கு மனசு வரும்? மொத்தமாகத் திரும்ப வாங்கி அழிக்கவில்லை. பழுதுபார்க்க வரும்போது ஒதுக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த விசாரணையோடு நெருக்கமாக இருந்த ஜூலியன் ஹாட்சர் என்கிற ராணுவ அதிகாரி, சிதறினதையெல்லாம் வருசவாரியாகப் பட்டியல் போட்டு 1947இல் புத்தகமாக்கினார். அதில் கண்ணை இழந்தவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்கள் ஒன்றும் ஆகாமலே காலம் தள்ளின என்பதும் உண்மைதான். ரூஸ்வெல்ட்டின் துப்பாக்கி, கிரிஃபின் முதன்முதலில் கட்டை செதுக்கின துப்பாக்கி எல்லாமே 1918க்கு முந்தினவை என்பதால் அவையும் பழைய நெருப்பில் வெந்தவைதான். தங்கத்தில் இழைத்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. அமெரிக்க அரசு சாசனப்படி பழைய ராணுவத் துப்பாக்கிகளை விற்கும் அமைப்பு இன்றைக்கும் இந்த எண்களுக்குக் கீழே உள்ளதைச் சுடாதீர்கள் என்றுதான் சொல்கிறது. ஆக முதல் பாகத்தை வாங்கும்போது அழகைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எண்ணைப் பார்க்கணும்.

இதுக்கு நேரெதிர்க் கதையும் ஒண்ணு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானின் அரிசாகா ரைஃபிள்கள் அமெரிக்காவில் குவிந்தன. ஜப்பான்காரன் செய்தது தகரம் என்று எல்லோருக்கும் இளக்காரம். பி.ஓ. ஆக்லி என்ற துப்பாக்கித் தொழிலாளி, பலநாட்டு ரிசீவர்களை வரிசையாக வைத்து மருந்தை ஏற்றிக்கொண்டே போய் எது எப்போ உடைகிறது என்று சோதித்தார். கடைசிவரை தாக்குப்பிடித்தது அரிசாகா! 1959இல் இன்னொரு கூத்து பத்திரிகையில் வந்தது. ஒருத்தர் 6.5 மில்லிமீட்டர் அரிசாகாவில் தோட்டா உட்காரும் இடத்தை மட்டும் பெரிய அமெரிக்கத் தோட்டாவுக்குக் குடைந்து, பேரலை மாற்றாமலே சுட்டுக்கொண்டிருந்தார். 7.62 மில்லிமீட்டர் குண்டு 6.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குள் பிதுங்கிப் பிதுங்கிப் போயிருக்கு. உதை ஜாஸ்தியா இருக்கேன்னு சோதிக்கக் கொடுத்தாராம். ரிசீவர் கம்மென்று இருந்தது. அந்த ஆளின் குலதெய்வத்தைத் தேடிப்போய்க் கும்பிடணும்.

போருக்குப் பிந்தைய இருபது வருசம் கஸ்டம் ரைஃபிள்காரர்களுக்குப் பொற்காலம். மவுசர், ஸ்ப்ரிங்ஃபீல்டு எல்லாம் சல்லிசான விலையில் தபாலிலேயே வரும். அப்படித் தபாலில் 1963இல் ஓர் இத்தாலிய ரைஃபிள் வாங்கினவன் பேர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். மீதி உங்களுக்கே தெரியும். 1968இல் சட்டம் வந்தது, தபால் விற்பனையும் பழைய ராணுவத் துப்பாக்கி இறக்குமதியும் நின்றன. ஆனால் அதே சட்டம் சத்தமில்லாமல் இன்னொன்றும் செய்தது. 1938 சட்டத்தில் துப்பாக்கியின் எந்தப் பாகமும் துப்பாக்கிதான். 1968 சட்டத்தில் ரிசீவர் மட்டும்தான் துப்பாக்கி. பேரலோ கட்டையோ விசையோ வெறும் இரும்பு, வெறும் மரம். வீட்டுக்கே பார்சல் வரும். இன்றைய உதிரிபாகச் சந்தை முழுக்க இந்த ஒரு வரையறையின் மேல்தான் நிற்கிறது. நம்ம 1959 ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். அதனால் இங்கே யாரும் ஆசைப்பட்டுக் கிளம்பிடாதீங்க, உள்ளே போனா நான் ஜாமீனுக்கு வரமாட்டேன்.

பேரலைப் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். உள்ளே முறுக்கிச் செல்லும் வரிகள் குண்டைப் பம்பரம் மாதிரி சுற்றவிடும், சுற்றினால்தான் தலைகுப்புறக் கவிழாமல் போகும். குண்டு நீளமானால் முறுக்கு வேகமாக இருக்கணும். 1879இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் இதற்கு வாய்ப்பாடு கொடுத்தார். ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இந்தக் கலையின் கோயில் சிலை ஹாரி போப், 1861இல் பிறந்து 1950 வரை வாழ்ந்தவர். ஒவ்வொரு வரியையும் ஒரு சின்னக் கத்தியால் இழுத்து இழுத்துச் செதுக்குவார். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை போட்ட கையோடு 1906 பூகம்பம் வந்து எல்லாம் போச்சு. கிழக்கே திரும்பி ஜெர்சி நகரத்தில் மறுபடி ஆரம்பித்தார். ஆர்டர் கொடுத்தவர்கள் வருசக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள், மனுசன் அசரவே மாட்டார். 1940களில் ரெமிங்டன் கம்பெனியின் மைக் வாக்கர், கடினமான ஒரு குமிழைப் பேரலுக்குள் அழுத்தி இழுத்தாலே வரிகள் விழும்படி செய்தார். போப் நாள்கணக்கில் செய்தது நிமிசத்தில் முடிந்தது. நல்ல பேரல் சாமானியனுக்கும் எட்டியது. 1958இல் சாவேஜ் 110இல் பேரலை ஒரு நட்டு வைத்துப் பிடித்தார்கள், நான் முன்னே சொன்ன மயிரிழை இடைவெளியை நட்டைத் திருகியே சரிசெய்யலாம்.

கட்டை? வால்நட் அழகு. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், பேரலைத் தள்ளும், குறி மாறும். அதனால் கண்ணாடியிழைக் கட்டை வந்தது. அழகு போச்சு, குறி நின்றது. அவ்வளவுதான்.

கடைசியாகக் குதிரை. நம்ம பெரியவங்க துப்பாக்கிக்குக் குதிரை என்று எவ்வளவு அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள்! அத்தை மகன் இந்தப் பாகத்தைத்தான் "கடைசியில பாத்துக்கலாம், சின்ன விஷயம்" என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அதே மைக் வாக்கர் ரெமிங்டனுக்கு ஒரு ட்ரிக்கரும் செய்தார். 1948இல் வந்த 721, 722 ரைஃபிள்களிலும், 1962இல் வந்த புகழ்பெற்ற 700இலும் அதுதான். லேசாகத் தொட்டால் கண்ணாடி உடைகிற மாதிரி சுத்தமாக விடும், குறிபார்ப்பவர்கள் கொண்டாடினார்கள். அதில் 'கனெக்டர்' என்று ஒரு தம்மாத்துண்டு தகடு. ட்ரிக்கரோடு ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு தடவை சுடும்போதும் விலகிப்போய்த் திரும்பி வரணும். தூசியோ பழைய எண்ணெய்ப் பிசுக்கோ இடையில் மாட்டினால் முழுசாகத் திரும்பாது. அப்போது சேஃப்டியைத் தள்ளினாலே, ட்ரிக்கரைத் தொடாமல் வெடிக்கலாம் என்பதுதான் குற்றச்சாட்டு. இதில் இன்னொரு சிக்கல், 1982 வரை செய்த 700இல் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்கணும்னாலும் சேஃப்டியை விடுவிச்சே ஆகணும்.

வாக்கருக்கே இந்தக் குறை ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1946இலேயே கம்பெனிக்குக் குறிப்பு எழுதினார், 1948இல் மாற்று வடிவம் கொடுத்தார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை. 2010இல் தொலைக்காட்சிக்காரர்கள் கிழவரைத் தேடிப்போய்க் கேட்டபோது அவரே இதைச் சொன்னார். நடுவில் 2000இல் மொன்டானாவில் ஒரு குடும்பம் வேட்டை முடித்துத் திரும்பும்போது, அம்மா தோட்டாவை எடுக்கச் சேஃப்டியைத் தள்ளியிருக்கிறார். வெடித்தது. மறுபக்கம் நின்ற 9 வயது மகன் இறந்துபோனான். அந்தத் தகப்பன் அதற்கப்புறம் வருசக்கணக்காக ஆவணங்களைத் தேடித்தேடிச் சேர்த்ததால்தான் பாதி விஷயம் வெளியே வந்தது. வடிவத்தில் குறையே இல்லை என்றுதான் கம்பெனி கடைசிவரை சொன்னது. ஆனாலும் 2006இலிருந்து புது ட்ரிக்கர் போட்டார்கள் (2014இல் அதையும் திரும்ப அழைக்க வேண்டி வந்தது, அது வேற கொடுமை), பழையதையெல்லாம் இலவசமாக மாற்றித்தருவதாக ஒரு சமரசமும் ஆச்சு. சுமார் 75 லட்சம் துப்பாக்கி அதற்குள் வரும். 2018இல் இறுதியானது. மாற்ற அனுப்பினவர்கள் ரொம்பச் சொற்பம். மீதியெல்லாம் இன்னமும் பரண் மேலயும் பீரோவிலயும் இருக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் போய்க்கிட்டிருக்கு.

ஸ்ப்ரிங்ஃபீல்டு உலைக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசம் தோணுது. அங்கே வெப்பமானி வைக்கும் வரை யாருக்கும் தெரியாது. இங்கே செய்தவனுக்கே தெரிந்திருந்தது.

அத்தை மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் ட்ரிக்கர் தனியா வாங்கிட்டான்.

700இன் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி. உருளை எஃகுக் கம்பியைக் கடைந்து செய்கிற ரிசீவர் என்பதால் மலிவு. அதனால் எங்கே பார்த்தாலும் 700 ஆச்சு. கட்டை செய்கிறவன், ட்ரிக்கர் செய்கிறவன் எல்லாரும் அந்த அளவுக்கே செய்ய ஆரம்பித்தார்கள். ரெமிங்டன் 2018இலும் 2020இலும் திவாலாகித் துண்டு துண்டாக விலைபோனது. 1828இலிருந்து நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஆனால் இன்றைக்குப் புதுசாகக் கட்டுகிறவர்கள் வாங்கும் ரிசீவர்களில் பாதிக்கு மேல் எந்தக் கம்பெனிப் பேர் இருந்தாலும், திருகாணித் துளைகள் 1962இல் ரெமிங்டன் முடிவுசெய்த அதே இடைவெளியில்தான் இருக்குமாம், அப்படித்தான் அத்தை மகன் சொல்றான். வாக்கர் ட்ரிக்கரை மட்டும் யாரும் தேடிப்போவதில்லை.